தொப்பி கழற்றாத ஊரில் கெத்சீயாள் அம்மையார்

சனிக்கிழமை பிற்பகலானால் கெத்சீயாள் அம்மையார் இரண்டு வாளித் தண்ணீரும் கொஞ்சம் மணலும் ஒரு கட்டுப் பழந்துணியுமாக ஹேசல்ஃபர்டு ஊரின் தொழுகை இடமான கூட்ட வீட்டுக்குப் போவார். அங்கே முப்பத்திரண்டு பெஞ்சுகள் இருந்தன. சாயம் பூசாத வெறும் பலகைகள். மணல் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைப்பார். மூப்பர்கள் உட்காரும் முன்மேடைப் பெஞ்சு, ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு, கடைசியில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் ஒரு குட்டைப் பெஞ்சுக்கு வருவார். மறுநாள் காலையில் அவர் உட்காரக்கூடியது அது ஒன்றில்தான். மற்ற முப்பத்தொன்றையும் அவர் தொட்டுக் கழுவலாம், உட்காரக் கூடாது.

இந்த வேலையைச் செய்யும்படி அவரை யாரும் ஏவவில்லை, கூலியும் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு அவர் வாரம் முழுவதும் ஊரார் துணிகளை வெளுத்தார். சாம்பல் நீரிலும் சவுக்காரத்திலும் ஊறி ஊறி, குளிர்காலம் முழுக்க அவருடைய விரல் கணுக்கள் வெடித்தே இருக்கும். அந்தக் கையால்தான் மணலை அள்ளுவார். ஒரு பெஞ்சைத் துடைத்து முடித்ததும், நாளை அதில் உட்காரப்போகிறவர்களின் பெயர்களை மனத்துக்குள் சொல்லி, ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். அவருக்குப் பூசை, மந்திரம் எல்லாம் அவ்வளவுதான். அவரை ஏளனம் செய்தவர்களின் பெயர்களும் அதில் உண்டு. அந்தப் பெயர்கள் வரும்போது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஊர், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் ஓர் ஆற்றங்கரை. அந்த நாடு ஆங்கிலேய அரசனை உதறிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த காலம். ஊரில் பாதிப் பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தங்களை அவர்கள் 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவர்களுடைய கொள்கையைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது. அதை உணர்வதற்குக் குருமார் வேண்டாம், பாட்டு வேண்டாம், மணி வேண்டாம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாய்மூடிக் காத்திருந்தால் போதும். யாருக்கு உள்ளே உந்துதல் வருகிறதோ, ஆணோ பெண்ணோ, அவர் எழுந்து நின்று பேசலாம். மனிதருக்குள் மேல்கீழ் இல்லையென்பதால் அரசனையும் 'நீ' என்பார்கள், ஆண்டவனையும் 'நீ' என்பார்கள். யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். நீதிபதிக்கு முன்னால் தொப்பி கழற்றாத குற்றத்துக்காக இங்கிலாந்தில் அவர்களுடைய முன்னோர் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். பலர் அங்கேயே செத்தும் போனார்கள்.

அவர்கள் தொப்பியைக் கழற்றுவது ஒரே ஒரு சமயத்தில்தான். கூட்டத்தில் ஒருவர் முழங்காலிட்டு ஆண்டவனை நோக்கி வாய்விட்டு ஜெபித்தால், மற்ற எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் வாயிலாக நாங்கள் அனைவரும் ஜெபிக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். எழாமல் தொப்பியோடு உட்கார்ந்திருந்தால், இது கடவுளிடமிருந்து வந்த ஜெபம் அல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம்.

இத்தனை அருமையான ஜனங்கள்தான் மாடிப்படிக்குக் கீழே அந்தக் குட்டைப் பெஞ்சைப் போட்டு வைத்திருந்தார்கள். அது கறுப்பர்களுக்கு. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடியார் கதை எழுதுகிறவன் சாந்தமாக எழுத வேண்டும் என்பார்கள், என்னால் முடிந்த அளவு அடக்கிக்கொள்கிறேன். படிக்கட்டின் சாய்வு அந்த இடத்தில் தலைக்கு மேலே இறங்கி வருவதால், அங்கே உட்காரலாமே தவிர எழுந்து நிற்க முடியாது. கெத்சீயாள் அம்மையாரோ நெடுநெடுவென்று வளர்ந்தவர். உட்கார்ந்தாலே அவருடைய தலைக்குட்டை படிப்பலகையில் உரசும்.

அம்மையார் பிறந்தது ஒபதியா தார்ன்பெரி என்பவருடைய வீட்டில், அடிமையாக. கெத்சீயாள் என்பது பைபிளில் வரும் யோபுவின் மகள் ஒருத்தியின் பெயர். அந்தப் பெண்ணுக்கு அவள் தகப்பன் அவளுடைய சகோதரர்களோடு சமமாகப் பங்கு கொடுத்தான் என்று வேதத்தில் இருக்கிறது. இந்தக் கெத்சீயாளுக்குக் கிடைத்த பங்கு, வெந்நீர் அண்டாவும் துடைப்பமும். ஏழெட்டு வயதில் எஜமானியம்மாவின் கால் காய்வதற்குத் தணல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்ட வீட்டுக்கு வந்தார். பெட்டியை வைத்துவிட்டுப் படிக்குக் கீழே போய் உட்காரச் சொன்னார்கள். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில், எல்லாரும் மௌனமாக இருந்தபோது, தம் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததை அந்தப் பெண் உணர்ந்தார். பிறந்ததிலிருந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் யாருமில்லை. ஆகையால் வந்தது யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று தொட்டு அவர் அந்த மௌனத்துக்கு அடிமையானார். மற்ற அடிமைத்தனம் எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

நண்பர்கள் சங்கத்தில் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று பின்னாளில் முடிவாயிற்று. அப்போது ஒபதியா, தகப்பனாருக்குப் பிறகு அந்த வீட்டுக்கு எஜமானராக இருந்தார். கெத்சீயாள் அம்மையாருக்கும் இன்னும் நால்வருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது கண்ணீர் விட்டாராம். அதற்குப் பிறகு சாகும்வரை அவருக்கு ஊரில் உபகாரி என்று பெயர். திருடினதைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு உபகாரி பட்டம் என்றால், திருட்டுக் கொடுத்தவளுக்கு என்ன பட்டம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

விடுதலையான மற்ற நால்வரும் கூட்ட வீட்டுப் பக்கமே திரும்பாமல் கறுப்பர்களுடைய சொந்தச் சபைக்குப் போய்விட்டார்கள். அம்மையாரின் கணவர் யூபா பர்னெல்லும் அந்தச் சபைதான். ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவர், வாய் ஓயாமல் பாடுகிறவர்.

"அவங்களுக்கு நீ வேணாம், கெத்சீ. எங்ககூட வந்துடு. எங்க சபையில பாட்டு இருக்கு, காலை நீட்டி உக்கார எடம் இருக்கு" என்று அவர் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தார்.

"நான் அவங்களைப் பாக்கவா அங்க போறேன்? அந்தச் சத்தமில்லாத எடத்துலதான் எனக்கு அவர் கெடைச்சார். அவங்க கூரை போட்டுட்டாங்கன்னு அவரை விட்டுக் கொடுத்துட்டு வர முடியுமா?" என்பார் அம்மையார்.

ஒரு மாசி மாதத்தில், உருகத் தொடங்கிய பனிக்கட்டி மோதி யூபாவின் பரிசல் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் உடலை எடுத்தார்கள். அவருடைய சபைக்கு அப்போது சொந்தமாக இடுகாடு இல்லை. அம்மையார் ஒபதியாவிடம் போய், நண்பர்களின் இடுகாட்டில் ஒரு மூலை கேட்டார். ஒபதியா மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவருக்கு நிகர் அந்த ஊரில் கிடையாது. "அது அங்கத்தினர்களுக்கு மட்டும்னு விதி இருக்கு, கெத்சீயாள். விதியை நான் எப்படி மீறுவேன்?" என்றார். யூபாவைச் சுற்றுச்சுவருக்கு வெளியே, சாலையோரமாகப் புதைத்தார்கள். அம்மையார் அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, கையில் ஒட்டிய மண்ணோடு உட்கார்ந்து, தம்மை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு விண்ணப்பம் எழுதினார்.

முறைப்படி இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் ஒபதியா, மற்றவர் சங்கத்தின் எழுத்தர் ஏசயா கிரிம்ஸ்டன். ஏசயா எதையும் உரக்கச் சொல்லாதவர், முகம் சுளிக்காதவர், ஒருவரையும் நேராகப் பார்க்காதவர். குடிப்பழக்கம் உண்டா, பொய் உண்டா, வேதம் தெரியுமா என்று கேட்டார்கள். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

கடைசியில் ஏசயா கேட்டார்: "எதுக்காக நீ சேரணும்னு நினைக்கறே? இடுகாட்டுல எடம் வேணும்னா?"

"செத்தவருக்கு எடம் கெடைச்சாச்சு. எனக்கு மண்ணு வேணாம்" என்றார் அம்மையார். "அந்த மௌனத்துல நீங்க கேக்கறதும் நான் கேக்கறதும் ஒரே குரல்தான்னு நீங்க சொல்லணும். அவ்வளவுதான். இத்தனை வருஷமா ஒரே கூரைக்குக் கீழ உக்காந்திருக்கோம். அதை மட்டும் உங்க வாயால சொல்லுங்க."

அவர் வாழ்நாளில் மனிதரிடம் வேண்டிக் கேட்டது அது ஒன்றுதான்.

குவேக்கர்கள் ஓட்டெடுப்பு நடத்த மாட்டார்கள். எல்லாருக்கும் ஒருமனப்பட்டால்தான் முடிவு. ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையென்றாலும் காரியம் அப்படியே நிற்கும். விண்ணப்பம் முதல் தடவை வந்தபோது யாரோ ஒருவருக்கு 'உள்ளே ஏதோ தடுப்பதாக' இருந்தது. இரண்டாம் வருடம் வேறொருவருக்குத் தடுத்தது. மூன்றாம் வருடம் 'இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று ஒபதியாவே சொன்னார். முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மையாராவது சண்டை போட்டிருக்கலாம். மெத்தையால் மூடி மூச்சை நிறுத்துகிற மரியாதை அது. ஆறு வருடம் அவரை வாசலில் நிறுத்தி வைத்து, ஆறு வருடமும் நலம் விசாரித்தார்கள்.

நடுவில் ஒரு நாள் சந்தையில், கசாப்புக்காரன் ஒருவனிடம் அம்மையார், "இது நேத்தைய கறி, நீயே மோந்து பாரு" என்றார். அவன் குவேக்கன் அல்லன். வெள்ளைக்காரக் குவேக்கர்கள் தன்னை 'நீ' என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறவன்தான். கறுப்புப் பெண்மணி சொன்னதும் ரத்தம் சொட்டும் கையாலேயே அவர் கன்னத்தில் அறைந்தான். சந்தையே பார்த்துச் சிரித்தது. கூட்ட வீட்டைச் சேர்ந்த இரண்டு பெண்மணிகள் கூடையோடு பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்கள் தலையில் இருந்த வெள்ளைத் தொப்பிகள் முந்தின நாள் அம்மையார் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவை. அவர்கள் அந்தப் பக்கம் திரும்பி முட்டைக்கோசு பார்த்தார்கள்.

மறு வாரம் ஏசயா வந்து புத்தி சொன்னார். "வெளியாளுங்ககிட்ட நீ கொஞ்சம் பணிஞ்சு பேசலாமே. நாங்க 'நீ'ன்னு சொல்றது வேற. நீ சொல்றது வேற."

"ஏன் வேற?" என்று கேட்டார் அம்மையார். ஏசயா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று அம்மையார் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவனிடம் கோபித்துக்கொண்டார். அடியார் என்றால் எதற்கும் புன்னகைத்துக்கொண்டே இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. அந்தச் சனிக்கிழமையும் பெஞ்சு துடைக்கப் போனார். அந்த இரண்டு பெண்மணிகளின் பெஞ்சுக்கு முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார். பெயர் வாயில் வரவில்லை. வந்த பிறகுதான் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.

இத்தனை வருடத்தில் கூட்டத்தில் அவர் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. உந்துதல் வராமல் இல்லை. மௌனத்தில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடக்கும், கைகால் நடுங்கும், வார்த்தைகள் தொண்டைவரை வந்து நிற்கும். அப்போதெல்லாம் அவர் தம்மையே கேட்டுக்கொள்வார், இது ஆண்டவனுடைய குரலா, இல்லை என்னுடைய கோபமா? கோபம்தான் என்று சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். முன்மேடையில் உட்கார்ந்து வாரந்தோறும் முக்கால் மணி நேரம் பேசிய பெரியவர்கள் யாராவது தங்களை அப்படிச் சோதித்துக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது.

ஆறாம் வருடம் தை மாதத்தில் ஐந்து ஊர் நண்பர்கள் ஒன்றுகூடும் பெரிய கூட்டம் ஹேசல்ஃபர்டில் வைக்கப்பட்டது. அந்த வார நடுவில் ஏசயா அம்மையாரின் வீட்டுக்கு வந்து, ஈரத்துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டே சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை வெளியூர்க்காரங்க நெறய வர்றாங்க. எடம் போதாது. நீ அன்னிக்கு ஒரு நாள் வீட்டுலயே மௌனமா உக்காந்துக்கலாமே. கடவுள் எல்லா எடத்துலயும் இருக்காரில்ல?"

"அப்படின்னா நீ ஏன் அன்னிக்கு அங்க போறே, ஏசயா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்புறம், உன் விண்ணப்பம். அதை இனிமே எடுத்துப் பேச வேணாம்னு எல்லாருக்கும் ஒருமனசா தோணுது. மறுநாள் அதை எழுதி முடிச்சிடுவோம். உனக்கும் நிம்மதி" என்றார்.

ஆறு வருடம் ஒருமனப்படாதவர்கள் இதற்கு ஒரே வாரத்தில் ஒருமனப்பட்டுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை அம்மையார் வழக்கம்போல முப்பத்திரண்டு பெஞ்சுகளையும் கழுவினார். விருந்தினருக்காக நடைபாதையில் அடுக்கியிருந்த முக்காலிகளையும் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் வந்து, படிக்குக் கீழே தம் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் பார்த்தார்கள், ஏசயாவும் பார்த்தார். எழுப்பி வெளியே அனுப்ப ஒருவருக்கும் துணிவில்லை. வன்முறை அவர்கள் கொள்கைக்கு விரோதம் அல்லவா!

கூட்டத்துக்குத் தலைமை மூப்பராகியிருந்த ஒபதியாவை ஏசயா கைபிடித்துக் கொண்டுவந்து முன்மேடையின் நடுவில் உட்கார வைத்தார். மூப்பருக்கு அப்போது எண்பது வயது. கண்ணில் புரை விழுந்து இரண்டு வருடமாக ஒன்றும் தெரியாது. கூட்டம் மௌனத்தில் ஆழ்ந்தது. தொப்பி போட்ட ஆண்கள் இருநூறு பேர், பெண்கள் அதற்கும் மேல். நடைபாதை முழுக்க முக்காலிகள். கால் வைக்க இடமில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கெத்சீயாள் அம்மையாருக்கு நடுக்கம் வந்தது. வழக்கம்போல, இது எது என்று கேட்டுப் பார்த்தார். அன்று பதில் வரவில்லை. நடுக்கம்தான் கூடியது. பேச வேண்டுமானால் நிற்க வேண்டும் என்பது முறை. எழுந்தார். தலை படிப்பலகையில் மோதிய சத்தம் கூடம் முழுவதும் கேட்டது, பலர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்து நிற்கலாமென்றால் முக்காலிகள் வழியை அடைத்திருந்தன. அம்மையார் அந்த இடத்திலேயே முழங்காலிட்டார்.

"ஆண்டவனே, எனக்கு நிக்க எடமில்ல. அதனால மண்டி போட்டுப் பேசறேன். நீ கேளு."

கூடத்தில் ஓர் அசைவு ஓடி நின்றது. முழங்காலிட்டாயிற்று, ஆண்டவனைக் கூப்பிட்டாயிற்று. இப்போது எல்லாரும் எழ வேண்டும். ஒருவரும் எழவில்லை. ஆண்கள் முன்மேடையைப் பார்த்தார்கள். முன்மேடையில் ஏசயா இரண்டு கைகளாலும் தொப்பியின் விளிம்பைப் பிடித்து நன்றாக இறக்கிவிட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் கல்லாக உட்கார்ந்தார்கள். நானூறு பேர் உட்கார்ந்தபடியே அந்தப் பெண்மணியின் ஜெபத்தைப் பொய் என்று சொன்னார்கள்.

அம்மையார் கண்ணை மூடியிருந்தார். "ஆறு வருஷமா இவங்ககிட்ட கேட்டுட்டேன். இனிமே கேக்கமாட்டேன். என் விண்ணப்பத்தை உன் முன்னாலயே திருப்பி வாங்கிக்கறேன். உன்கிட்ட கேக்க வேண்டியதை இவங்ககிட்ட கேட்டு நின்னது என் தப்பு. எனக்குக் கோவம் வருது, ஆண்டவனே. இது உன்னோடதா என்னோடதான்னு இத்தனை நாளா பிரிச்சுப் பாத்து வாயை மூடிக்கிட்டிருந்தேன். இன்னிக்குப் பிரிக்க வரல. என் புருஷனைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் புதைச்சாங்களே, அன்னிக்கு உனக்குக் கோவம் வரலியா? வந்திருக்கும். நீயும் என்னை மாதிரியே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பே."

அப்போது முன்மேடையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஒபதியா மூப்பர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நரைத்த வெறுந்தலையைக் கூட்டம் பார்த்தது. கூட்டத்தின் தலைமை மூப்பர் நிற்கும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வழக்கம் இல்லை. பெண்கள் பக்கத்தில் முதலில் எழுந்தார்கள். பிறகு வெளியூர்க்காரர்கள், பிறகு உள்ளூர்க்காரர்கள். பெஞ்சுகள் ஒவ்வொன்றாக முனகின, தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. அரசனுக்குக் கழற்றாத தொப்பிகள். ஏசயா கிரிம்ஸ்டன் மட்டும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

சத்தம் காதில் விழுந்தும் அம்மையார் கண் திறக்கவில்லை. "இவங்களை மன்னின்னு இப்பவே என்கிட்ட சொல்லாதே. எனக்கு இன்னும் வரல. ஆனா இவங்களை விட்டுட்டுத் தனியா உன்கிட்ட வரவும் தெரியல. வாராவாரம் ஒவ்வொருத்தர் பேரையும் உன்கிட்ட சொல்றேன். நேத்தும் சொன்னேன். இவங்க கண்ணைத் தெற. இல்லாட்டி என் கண்ணை மூடிடு. ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே செய்" என்று முடித்துவிட்டு, மெல்லப் பின்வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஏசயா, மூப்பரின் காதருகே குனிந்து பேசினார். ரகசியமாகத்தான் பேசினார், ஆனால் அந்த நிசப்தத்தில் கடைசி வரிசைவரை கேட்டது.

"உனக்குக் கண் தெரியாததால தப்பு நடந்துபோச்சு, ஒபதியா. ஜெபிச்சது யார்னு நீ பாக்கல. அது கெத்சீயாள்."

"தெரியும். என் வீட்டுல பொறந்தவ. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா எந்திரிச்சே?"

"நான் எங்க எந்திரிச்சேன்? யாரோ என் கக்கத்துல ரெண்டு கையையும் கொடுத்துத் தூக்கி விட்டாங்க. நீதான்னு நினைச்சேன்."

ஏசயாவின் முகம் வெளுத்தது. மூப்பரை அவர் தொடவேயில்லை, பின்னால் சுவர்தான் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. "அது ஜெபமே இல்ல. அவ நிக்கத்தான் பாத்தா. தலை இடிச்சுது, அதனால மண்டி போட்டா. எல்லாரும் பாத்தாங்க. நிக்க முடியாம மண்டி போட்டா அது ஜெபமாயிடுமா?"

மூப்பர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "நிக்க முடியாதா? ஏன் முடியாது?" என்று கேட்டார்.

"அங்க கூரை தாழ்வு."

"எவ்வளவு தாழ்வு?"

ஏசயாவுக்குத் தெரியவில்லை. முன்மேடையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களில் ஒருவரும் அங்கே உட்கார்ந்தவர் இல்லை.

"அப்ப நானே போய்ப் பாக்கறேன்" என்று மூப்பர் தடியை எடுத்துக்கொண்டார். பிடிக்க வந்த கைகளை விலக்கிவிட்டு, பெஞ்சு பெஞ்சாகத் தடவிக்கொண்டு நடந்தார். ஜனங்கள் முக்காலிகளை அவசரமாக இழுத்து வழி விட்டார்கள். கடைசிப் பெஞ்சைத் தாண்டி, இரண்டடி வைத்து, நிமிர்ந்த தலையோடு படிப்பலகையில் மோதிக்கொண்டார். கக்கத்தில் இடுக்கியிருந்த தொப்பி கீழே விழுந்தது. நெற்றியில் ரத்தம் கட்டியது.

உள்ளேயிருந்து கெத்சீயாள் அம்மையாரின் குரல் வந்தது.

"குனிஞ்சு வா, ஒபதியா."

மூப்பர் குனிந்தார். எண்பது வயது முதுகை மடித்து, கையால் துழாவி, அந்தக் குட்டைப் பெஞ்சில் அம்மையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை உயர்த்தித் தலைக்கு மேலிருந்த பலகையைத் தொட்டுப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார்.

"இத்தனை வருஷமாவா?" என்றார்.

பிறகு மூப்பர் வாய்விட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் கேட்டதும் அதே குரல்தான், கெத்சீயாள். ஆறு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்தேன்."

குவேக்கர்களின் கூட்டத்துக்கு முடிவுப் பிரார்த்தனை கிடையாது. தலைமை மூப்பர் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்கினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். ஒபதியா மூப்பர் இருட்டில் தம் கையை அம்மையார் பக்கம் நீட்டினார். அந்தக் கை வெகுநேரம் நீட்டியபடியே இருந்தது. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆறு வருடம் அவரைக் காக்க வைத்தவர்கள்தானே, கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கடைசியில் அம்மையார் அந்தக் கையைப் பிடித்தார். அன்பு பொங்கிப் பிடித்தார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பனியில் தொலைவு போக வேண்டியவர்கள் இருந்தார்கள், கூட்டம் முடிய வேண்டியிருந்தது.

இனிக் கேட்கமாட்டேன் என்று அம்மையார் சொல்லிவிட்ட பிறகும், மறுநாள் விண்ணப்பத்தை எழுதி முடிப்பதற்குப் பதிலாக அவர் பெயரைச் சங்க ஏட்டில் எழுதினார்கள். எழுதிய கை ஏசயாவுடையது. அவருக்கு அன்றும் உள்ளே தடுத்திருக்கும், ஆனால் ஒபதியாவின் நெற்றியில் இருந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அம்மையார் அதற்குப் பிறகு பதினேழு வருடம் வாழ்ந்தார். விருப்பப்பட்ட பெஞ்சில் உட்கார்ந்தார், உந்துதல் வந்தபோது முழு உயரத்துக்கும் நின்று பேசினார். அந்தக் குட்டைப் பெஞ்சை எடுத்துப் போட மட்டும் அந்த நல்லவர்களுக்கு இன்னும் முப்பது வருடம் ஒருமனப்படவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என் கோபம் மறுபடி கிளம்புகிறது, கிளம்பட்டும்.

சுமந்த கோபத்தை மறைக்காமல் ஆண்டவன் முன் வைத்து, தம்மை ஒதுக்கியவர்களையும் சேர்த்தே அவன் முன்னால் எழுந்து நிற்கச் செய்த கெத்சீயாள் அம்மையாரின் திருவடிகள் வாழ்க.